ஆணியில் தொங்கிய கேபிள்

அத்தியாயம் 6

"நான்தான் இடிச்சிருப்பேன் மேடம்."

லாரிக்காரர் இதைச் சொன்ன குரலில் அழுகை இல்லை, பயம் இல்லை, கோபமும் இல்லை. பக்கத்து வீட்டில் யாருக்கோ ஜலதோஷம் என்று சொல்கிற குரல். காவல் நிலையத்தின் பின்னறையில் ஒரு கால் ஆடுகிற நாற்காலியில், இரண்டு கைகளையும் தொடைமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயது நாற்பத்திரண்டு. மூன்று நாள் தாடி. கண் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணியை எல்லாரும் 'சர்வேயர்' என்றுதான் கூப்பிடுவார்கள். நொறுங்கிப்போன வண்டிகளை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பன்னிரண்டு வருஷம் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், வேலையை உதறிவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவர். ஆபீஸ் மாறியது, பெயர் மாறவில்லை. ரத்தக்கறையைப் பார்த்தால் அவருக்குச் சதுர அங்குலம்தான் நினைவுக்கு வரும், வேறொன்றும் வராது. அது ஒரு வியாதி என்று அவருக்கே தெரியும். இந்த லாரிக்காரரைப் பார்த்ததும், மனுஷன் அந்த வியாதியில் தன்னைவிட ரொம்ப தூரம் போய்விட்டார் என்று பட்டது.

"இடிச்சேன்னு சொல்றீங்களா, இடிச்சிருப்பேன்னு சொல்றீங்களா?"

"ரெண்டுக்கும் என்ன மேடம் வித்தியாசம்?"

"முதலாவதைச் சொன்னா ஜெயில். ரெண்டாவதைச் சொன்னா குழப்பம்."

சுவரோரம் நின்றிருந்த கிளட்ச் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாரா? "விட்டா 'நான்தான் பொறந்திருப்பேன்'னு சொல்வார் போலிருக்கு மேடம்."

கிளட்ச் சர்வேயரின் உதவியாளர். ஐம்பத்தைந்து வயது. டீசல் லாரிகளுக்குக் கிளட்ச் பிளேட் மாற்றுவதில் கைதேர்ந்த மெக்கானிக்காக இருந்தவர். கிளட்ச்சே இல்லாத மின்சார லாரிகள் தெருவுக்குத் தெரு வந்ததும் பிழைப்பு படுத்துவிட்டது. அந்த வயிற்றெரிச்சல் மட்டும் இன்னும் அடங்கவில்லை.

மூன்று நாளுக்கு முன்பு, விடிகாலை நாலரை மணி. பைபாஸ் ரோட்டில் சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பேக்கரித் தொழிலாளி ஒருவரை ஒரு வெள்ளை லாரி தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவர் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. கிடங்கு வாட்ச்மேன் ஒருவர் பார்த்திருக்கிறார். நம்பரைப் பார்க்கவில்லை. "சத்தமே இல்ல சார், வழுக்கிக்கிட்டுப் போச்சு" என்று மட்டும் சொன்னார். சத்தம் இல்லையென்றால் மின்சார லாரி. அந்த வட்டாரத்தில் பதிவான வெள்ளை மின்சார லாரிகள் ஐந்து. நாலு வண்டி காமிரா இருக்கிற ஷெட்டில் இரவு முழுக்க நின்றது. ஐந்தாவது, வீட்டிலேயே சார்ஜ் போடுகிற இவருடையது. போதாக்குறைக்கு இடது முகப்பில் ஒரு நசுங்கலும் இருந்தது.

"அது கிடங்கு கேட்ல பட்டது," என்றார் லாரிக்காரர். "அப்படித்தான் நினைக்கிறேன்."

"ராத்திரி வீட்டுக்கு வந்ததுலேருந்து என்ன செய்வீங்க, சொல்லுங்க."

அவர் ஒப்பித்தார். "ஏழரைக்கு வருவேன். அரை மணி நேரம் வண்டியை ஆற விடுவேன். பேட்டரி சூட்டோட சொருகக் கூடாது. சாப்பிட்டுட்டு வந்து சொருகுவேன். டைமர் வெச்சிருக்கேன், பத்து மணிக்குத்தான் கரண்ட் ஏறும். எண்பது பர்சென்ட்ல தானா நின்னுடும். முழுசா ஏத்தினா பேட்டரி ஆயுசு குறையும். ஆறே முக்காலுக்கு வண்டியை எடுப்பேன்."

"அன்னைக்கு ராத்திரி சொருகினது ஞாபகம் இருக்கா?"

"இல்ல."

"அதுக்கு முந்தின ராத்திரி?"

"இல்ல மேடம்."

"காலையில கழட்டினது? ஏதாவது ஒரு நாள்?"

லாரிக்காரர் கொஞ்சம் யோசித்தார். "ஒரு நாள்கூட ஞாபகம் இல்ல. தினம் பதினாலு மணி நேரம் ஓட்டறேன், எல்லாத்தையும் கை தானா செய்யுது. காலையில ஷெட்டுக்கு வந்தா கேபிள் சுருட்டி ஆணியில தொங்கும். நான்தான் கழட்டி மாட்டியிருப்பேன், ஞாபகம் இருக்காது. மூணு நாலு மாசமா இப்படித்தான். என்னைக் கேக்காம கை கேபிளைக் கழட்டுதுன்னா, என்னைக் கேக்காம கால் வண்டியை ஓட்டியிருக்காதா?"



இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து ஒரு தாளை மேஜையில் வைத்தார். தூக்கமில்லாத, நியாயமான மனுஷர். "அவர் வீட்டுச் சார்ஜர் பெட்டியில எடுத்தது. பாருங்க. நாலு பத்துக்குப் பிளக் கழட்டியிருக்கு. நாலு ஐம்பத்திரண்டுக்குத் திரும்பச் சொருகியிருக்கு. சொருகினதுக்கப்புறம் பதினாறு யூனிட் ஏறியிருக்கு. வீட்டுலேருந்து அந்த இடம் பதினஞ்சு கிலோமீட்டர். போக வர முப்பது. முப்பது கிலோமீட்டருக்கு இந்த லாரி எவ்வளவு சாப்பிடும்னு கேளுங்க."

"பதினாறு யூனிட்," என்றார் லாரிக்காரர், யாரும் கேட்காமலே.

"வண்டிக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர் சொல்லுமே?" என்றார் சர்வேயர்.

"கம்பெனிக்கு அனுப்பியாச்சு. பத்து நாள் ஆகுமாம். இவரோ தானே ஒத்துக்கறார். நாலு மணிக்கு வாக்குமூலத்துல கையெழுத்து. அஞ்சு மணிக்குக் கோர்ட்." இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் இது பிடிக்கல மேடம். ஆனா தாள் இருக்கே!"

மணி பதினொன்றே முக்கால். நாலு மணிக்குள் ஏதாவது கிடைத்தால் உண்டு. இல்லாவிட்டால் இந்த மனுஷன் தான் செய்ததா இல்லையா என்றே தெரியாமல் உள்ளே போய்விடுவார்.

லாரிக்காரர் வீட்டைப் பக்கவாட்டில் ஒட்டித் தகரக்கூரை போட்ட ஷெட். லாரியைப் போலீஸ் எடுத்துப் போய்விட்டதால் சிமெண்ட் தரையில் நாலு டயர் தடம் மட்டும் இருந்தது. சுவரில் டிபன் டப்பா அளவுக்குச் சார்ஜர் பெட்டி. அதன் பக்கத்தில் பெரிய ஆணி, ஆணியில் பெருவிரல் கனத்துக்குக் கறுப்புக் கேபிள். மேலே லாரிக்காரர் கைப்பட எழுதி ஒட்டிய தாள்: ஆறவிடு. எண்பது போதும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. பிளக்கைத் தரையில் போடாதே.

"ஸ்கூல் நோட்டீஸ் போர்டு மாதிரி இருக்கு," என்றார் கிளட்ச். "எங்க காலத்துல டீசல் போடப் போனா பம்புல நாலு பேரைப் பார்க்கலாம், நாலு விஷயம் பேசலாம். இது என்ன கர்மம், செல்போன் மாதிரி சொருகிட்டுக் குறட்டை விடறது!"

"கேபிளை இறக்குங்க, கிளட்ச்."

லாரிக்காரரின் மனைவி வாசற்படியில் நின்றிருந்தார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் காலை ஷிஃப்ட் பார்க்கிறவர். சர்வேயரைத் தேடி வந்து கேஸை ஒப்படைத்தது அவர்தான். கையில் ஒரு துண்டு இருந்தது. அதை மடித்தார், உதறினார், மறுபடி மடித்தார். வந்ததிலிருந்து அதே துண்டுதான்.

"அன்னைக்கு அவர் என் பக்கத்துலதான் படுத்திருந்தார்," என்றார். "சொன்னா யாரும் எடுத்துக்க மாட்டேங்கறாங்க."

"பெண்டாட்டி சாட்சி அப்படித்தான். நீங்க எத்தனை மணிக்கு எழுந்திரிப்பீங்க?"

"நாலு மணிக்கு."

"எழுந்தப்ப ஷெட்ல வண்டி இருந்ததா?"

"இருந்தது."

அந்த 'இருந்தது' கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டது. சர்வேயர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. கிளட்ச் கேபிளைத் தரையில் நீளமாக விரித்தார். ஏழு மீட்டர். சர்வேயர் ஒரு முனையிலிருந்து குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். முக்கால்வாசி தூரத்தில் நின்றார்.

"இங்க தொட்டுப் பாருங்க."

கிளட்ச் தடவினார். "சொரசொரன்னு இருக்கே. மேல் ரப்பர் தேய்ஞ்சிருக்கு."

"வண்டி நின்ன இடத்துக்கும் பெட்டிக்கும் எவ்வளவு தூரம்?"

"ரெண்டு மீட்டர். நீட்டி முழக்கினா ரெண்டரை."

"ரெண்டரை மீட்டர் வேலைக்குப் போற கேபிள், அஞ்சாவது மீட்டர்ல எதுக்குத் தேயுது?"

கிளட்ச் தலையைச் சொறிந்தார். சர்வேயர் கேபிளின் தேய்ந்த இடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அது தானாகப் போகிற வழியில் நடந்தார். ஷெட்டைத் தாண்டி, வாசலைத் தாண்டி, இரும்புக் கேட் வரைக்கும் வந்தது. கேட்டின் அடியில் நாலு விரல் இடைவெளி. அங்கே சிமெண்டில் ஒரு கோடு, விரல் அகலத்துக்கு வழவழவென்று தேய்ந்து பளபளத்தது. தேய்ந்த ரப்பர் அந்தக் கோட்டின் மேல் அச்சாகப் பொருந்தி உட்கார்ந்தது. மிச்சக் கேபிள் கேட்டுக்கு வெளியே, தெருவில் கிடந்தது.

"அடேங்கப்பா!" என்றார் கிளட்ச். "கேபிளுக்குத் தெருவுல என்ன ஜோலி?"

சர்வேயருக்கு நெஞ்சில் பரபரப்பு எதுவும் இல்லை. முன்பெல்லாம் இந்த இடத்தில் காதோரம் சூடாகும். இப்போது ஒரு தாளில் ஒரு கட்டத்தை நிரப்பினாற்போல் இருந்தது. திரும்பிப் பார்த்தார். வாசற்படியில் மனைவி இல்லை. துண்டு மட்டும் படியில் கிடந்தது.

சார்ஜர் பெட்டியை மாட்டிக்கொடுத்த எலக்ட்ரீசியன் ஒன்றரை மணிக்கு லேப்டாப்போடு வந்தார். சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டுவிட்டார்கள் என்று முகம் உர்ரென்று இருந்தது.

"போலீஸுக்குத்தான் அன்னைக்கே எடுத்துக் கொடுத்தேனே."

"ஒரு நாள் பக்கம்தானே கேட்டாங்க?"

"ஒரு நாள்தான் கேட்டாங்க, ஒரு நாள்தான் கொடுத்தேன்."

"எனக்கு மாட்டின நாள்லேருந்து வேணும். மொத்தமா."

எலக்ட்ரீசியன் பெட்டியோடு ஒயரை இணைத்துத் தட்டினார். திரையில் வரிசை வரிசையாக ஓடியது. சர்வேயர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இது இவரோட லாரிக்குக் கரண்ட் ஏறின வேகம்தானே? ஒரு மணி நேரத்துக்கு ஏழு யூனிட்?"

"ஆமா. பத்து மணிக்கு ஆரம்பிச்சா மூணு மணிக்கு நின்னுடும். அஞ்சு மணி நேரம், முப்பத்தஞ்சு யூனிட். பெட்டி பதினொண்ணு வரைக்கும் கொடுக்கும், ஆனா அந்த லாரி ஏழுக்கு மேல வாங்காது. தொண்டை அவ்வளவுதான். நீங்க குடத்தோட கவிழ்த்தாலும் அது மடக்கு மடக்காத்தான் குடிக்கும்."

"விபத்து நடந்த அன்னைக்கு, நாலு ஐம்பத்திரண்டுக்கு அப்புறம் பதினாறு யூனிட் ஏறியிருக்கு. எத்தனை நேரத்துல?"

"ஆறு இருபதுக்குக் கழட்டியிருக்கு. அப்ப... எண்பத்தெட்டு நிமிஷம்." எலக்ட்ரீசியனின் விரல் நின்றது. மனக்கணக்குப் போட்டார். மறுபடி போட்டார். "இதெப்படி?"

"சொல்லுங்க."

"மணிக்குப் பதினொண்ணு வருதே."

"ஏழுக்கு மேல குடிக்காத லாரி, அன்னைக்கு மட்டும் பதினொண்ணு குடிச்சதா?"

"சான்ஸே இல்ல மேடம். இது வேற வண்டி. பெரிய வண்டி."

கிளட்ச் துள்ளிக் குதிக்காத குறை. "பெட்டிக்குப் பிளக் சொருகினாங்களான்னுதான் தெரியும், எந்த வண்டிக்குன்னு தெரியாது! இன்ஸ்பெக்டர் இதைக் கோட்டை விட்டுட்டாரே! மேடம், வாங்க, போய் அந்தத் தாளை அவர் மூஞ்சியில..."

"இருங்க. அதுக்கு முந்தின நாளைக் காட்டுங்க."

எலக்ட்ரீசியன் காட்டினார். நாலு பத்துக்குக் கழட்டி, நாலு இருபதுக்குச் சொருகி, மணிக்குப் பதினொன்று. அதற்கு முந்தின நாளும் அதேதான். அதற்கு முந்தின வாரமும், முந்தின மாதமும் அதேதான். சில நாள் இடைவெளி எட்டு நிமிஷம், சில நாள் பன்னிரண்டு. பெட்டி மாட்டிய முதல் வாரத்தைத் தவிர நாலு மாசமும் தினம் தவறாமல் ஒரு பெரிய வண்டி விடிகாலையில் வந்து, ஆறு இருபது வரை குடித்துவிட்டுப் போயிருக்கிறது. விபத்தன்று மட்டும் வருவதற்கு நாற்பத்திரண்டு நிமிஷம் ஆகியிருக்கிறது.

"ஒரு நாள் பக்கத்தைப் பார்த்தா குற்றம்," என்றார் சர்வேயர். "நாலு மாசத்தைப் பார்த்தா பழக்கம்."

"யாரோ திருட்டுக் கரண்ட் எடுக்கிறான் மேடம்! எவனோ எதிர் வீட்டுக்காரன்!"

"கிளட்ச், மின்சார லாரியில பிளக்கைச் சும்மா இழுத்தா வருமா?"

"வராது. பூட்டிக்கும். சாவியை அமுக்கினாத்தான் விடும்." சொல்லிக்கொண்டே போனவர் பாதியில் நின்றார். முகம் மாறியது. "ஓ."

"இவர் சாவி தலையணைக்குப் பக்கத்துல இருந்ததாப் போலீஸ் எழுதியிருக்காங்க. ரெண்டாவது சாவி எங்க?"

 எலக்ட்ரீசியன் லேப்டாப்பை மூடிக்கொண்டு, இது குடும்ப விஷயம் என்று புரிந்த முகத்தோடு வெளியே போய் நின்றுகொண்டார்.

மனைவி சமையலறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அடுப்பில் ஒன்றுமில்லை. மேடையில், உப்பு டப்பாவுக்கும் சர்க்கரை டப்பாவுக்கும் நடுவில் லாரிச் சாவி இருந்தது. மறைத்து வைக்கக்கூட இல்லை.

சர்வேயர் எதிரில் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். கிளட்ச் கதவோரம் நின்றார். 

"யாருக்காகக் கழட்டுவீங்க?"

மனைவி சுவரைப் பார்த்துச் சொன்னார். "என் தம்பிக்கு."

"அவருக்கும் மின்சார லாரியா?"

"பெரிசு. வெள்ளை. வேற ஊர்ல வாங்கினான், அங்கேயே பதிவு. மூணாவது மாடியில வாடகை வீடு. கீழே வண்டி நிறுத்தவே இடம் கிடையாது, எங்க சார்ஜ் போடறது? வெளியில போட்டா ரெண்டு மணி நேரம் வரிசையில நிக்கணும். மார்க்கெட்டுக்கு லோடு இறக்கிட்டு நாலு இருபதுக்கு வருவான். நான் எழுந்ததும் இவர் வண்டியைக் கழட்டி, கேபிளைக் கேட்டுக்கு அடியில தள்ளி வெச்சிடுவேன். இவருக்குத்தான் மூணு மணிக்கே ஏறிடுதே, கரண்ட் பில்லும் நான்தான் கட்டறேன், யாருக்கு என்ன நஷ்டம்னு நினைச்சேன். அவன் கிளம்பினதும் சுருட்டி ஆணியில மாட்டிடுவேன்."

"வீட்டுக்காரர்கிட்ட ஏன் சொல்லல?"

"ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல. போன வருஷம் ஒரு கிடங்கு வேலை, இவருக்கு வர வேண்டியது. தம்பி முந்திக்கிட்டான். அதுலேருந்து 'உன் தம்பி பேச்சையே எடுக்காதே'ன்னுட்டார். எனக்கு அவனும் வேணும், இவரும் வேணும். என்னால வேற என்ன பண்ண முடியும்?"

"அன்னைக்கு லேட்டா வந்தாரே, ஏதாவது கேட்டீங்களா?"

"கேட்டேன். வண்டியை விட்டு இறங்கவே இல்ல. எப்பவும் கேட்டைப் பார்த்து நிறுத்துவான், அன்னைக்கு மூக்கை அந்தப் பக்கம் திருப்பி நிறுத்தினான். நானே போய்ச் சொருகினேன். என்னடான்னேன். 'தலைவலி அக்கா'ன்னான்." அவர் நிறுத்தினார். "தலைவலின்னு நானும் நம்பினேன். போலீஸ் வந்து இவரைக் கேக்கற வரைக்கும்."

"அப்புறம்?"

மனைவி மேடையிலிருந்த சாவியைத் திருப்பி வைத்தார்.

சர்வேயர் மெதுவாகக் கேட்டார். "மூணு நாளா உங்க ஷெட்ல லாரி இல்ல. கேபிள் ராத்திரி பூரா சும்மாதான் கிடக்கு. நாலு மாசமா ஒரு நாள் தவறாம வந்தவர், இப்ப ஏன் வரல?"

 இந்தக் கேள்வியை மனைவி தனக்குள் கேட்காமல் இல்லை. மூன்று விடிகாலையும் நாலு மணிக்கு எழுந்து, கேட்டருகே போய் நின்று, நாலு இருபது, நாலு முப்பது, ஐந்து என்று பார்த்துவிட்டு உள்ளே வந்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் நெஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக ஏதோ மரத்துப்போனது. இப்போது வெளியாள் ஒருவர் வாய்விட்டுக் கேட்டதும் ஓடி ஒளிய இடமில்லாமல் போயிற்று.

"பிளக்கைக் கழட்டினது நான்னு ஒரு வார்த்தை சொன்னா அவர் வெளியே வந்துடுவார்," என்றார் மனைவி. "யாருக்காகன்னு அடுத்த கேள்வி வரும். அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். வேற ஏதாவது வழியில அவரைக் காப்பாத்திடுவீங்கன்னு."

"வேற வழி இல்லம்மா. அந்தப் பெட்டி வேற வண்டின்னு சொல்லும், யார் வண்டின்னு சொல்லாது. பூட்டின பிளக்கை யார் கழட்டினாங்கன்னு கேட்டா, சாவி வெச்சிருந்தவர் கழட்டினார்னு இன்ஸ்பெக்டர் சொல்வார். ஆள் நீங்கதான். சொன்னாலும் நீங்கதான் சொல்லணும், சொல்லாம விட்டாலும் நீங்கதான்."

"தம்பியை நான் தூக்கி வளர்த்தேன்." அழவில்லை. அழுகை வருகிற இடத்தில் எதுவும் இல்லாததுபோல் வெறுமனே சொன்னார். "அவனை நானே பிடிச்சுக் கொடுக்கணுமா?"

 பன்னிரண்டு வருஷத்தில் சர்வேயர் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கெட்ட செய்தி சொல்லியிருக்கிறார்.  இன்றைக்குப் பாவம் என்று தோன்றியது. ரொம்ப நாளைக்கப்புறம் அப்படித் தோன்றியதே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

கதவோரத்திலிருந்து கிளட்ச்தான் பேசினார். நக்கல் இல்லாத குரல். "தங்கச்சி, உன் தம்பிக்கு அவன் செஞ்சது தெரியும். உள்ள உக்காந்திருக்கிறவருக்குத் தான் செஞ்சேனா இல்லையான்னே தெரியல. தன் கையையே நம்பாம உக்காந்திருக்கார். அதுதான் எனக்குத் தாங்கல."

மணி மூன்றே கால்.

மனைவி எழுந்தார். முகம் கழுவினார். மேடையிலிருந்த சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

காவல் நிலையத்துக்குள் அவர்கள் நுழைந்தபோது நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்தை வாசித்து முடித்திருந்தார். லாரிக்காரரின் விரல்களில் பேனா இருந்தது. எங்கே கையெழுத்து என்று தேடிக்கொண்டிருந்தார்.

"அவர் போட வேண்டாம் சார்," என்றார் மனைவி. "அன்னைக்கு நாலு பத்துக்குப் பிளக்கைக் கழட்டினது நான்."

சாவியை மேஜையில் வைத்தார். சர்வேயர் நாலு மாசத்துத் தாள்களை அதன் பக்கத்தில் வைத்தார். ஏழு, பதினொன்று என்று இரண்டே வரியில் விளக்கினார். இன்ஸ்பெக்டர் ஒரு தாளைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார், அதற்குமேல் புரட்டவில்லை.

"யாருக்காகம்மா கழட்டினீங்க?"

"என் தம்பி வண்டிக்கு."

லாரிக்காரர் மெல்லத் தலையைத் தூக்கினார். "எத்தனை நாளா?"

"நாலு மாசமா. தினமும்."

"அப்ப காலையில கேபிளைச் சுருட்டி மாட்டறது..."

"நான்தாங்க."

அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நான் எதுவுமே செய்யலையா? படுத்துத் தூங்கினேன், அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

அதைக் கேட்டு அவர் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. கேட்டது உள்ளே போய்ச் சேர நேரமாகும் போலிருந்தது.

இன்ஸ்பெக்டர் மேஜைத் தொலைபேசியை மனைவி பக்கம் தள்ளினார். "நாங்க தேடிப் போய்ப் பிடிக்கலாம். அவரே வந்தா அவருக்கு நல்லது. கூப்பிட்டுப் பேசுங்க. ஸ்பீக்கர்ல போடறேன், அதையும் சொல்லிடுங்க."

மனைவி எண்ணை அழுத்தினார். விரல் இரண்டு தடவை தப்பிற்று. மூன்றாவது தடவை மணி அடித்தது. உடனே எடுத்தார்கள்.

"டேய், நான்தான். ஸ்டேஷன்லேருந்து..."

"அக்கா!" எதிர்முனைக் குரல் அவரை முடிக்க விடவில்லை. "அந்த சைக்கிள்காரர் கண்ணு முழிச்சிட்டாராக்கா?"

 கிளட்ச் கண்ணை மூடிக்கொண்டார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றுவிட்டார். தொலைபேசி "அக்கா? அக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

லாரிக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார். இன்ஸ்பெக்டர் தடுக்கவில்லை. அவர் வந்து தொலைபேசிக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"நான் பேசறேன்டா."

 எதிர்முனைக்கு அது ஒரு வருஷம் கழித்துக் கேட்கிற குரல்.

"மாமா..." என்றது கடைசியில். "இருட்டுல தெரியல மாமா. தட்டின அப்புறம்தான் தெரிஞ்சுது. இறங்கப் பயந்துட்டேன். உங்களைப் பிடிச்சுட்டாங்கன்னு மறுநாளே தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன் மாமா."

"ம்."

"என்னைத் திட்டுங்க மாமா."

"வந்துடு. இங்க நான் இருக்கேன். நீ வர்ற வரைக்கும் எங்கயும் போக மாட்டேன்." லாரிக்காரர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "ஏன்டா, ஒரு கேபிளுக்காக நாலு மாசம் திருடன் மாதிரி என் வாசல்ல வந்து நின்னியா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே எழுந்து வந்து மாட்டி விட்டிருப்பேனேடா."

 எதிர்முனையில் "வரேன் மாமா" என்று கேட்டது.

அதற்கப்புறம்தான் லாரிக்காரர் அழுதார்.